ரெண்டு முடிச்சு

…அந்த நர்ஸம்மாகிட்ட நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? கட்டில்ல உக்காரக் கூடாதாம். சரி, ஸ்டூலு குடுன்னேன். ஸ்டூலு டாக்டருக்காம். அப்ப நான் என்ன, சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டேவா பேசறது? முட்டி இருக்குற லட்சணத்துக்கு… மூணு மணிக்குக் கதவத் தொறப்பாங்களாம், அஞ்சுக்கு மணியடிச்சு வெளிய போன்னு வெரட்டுவாங்களாம். இந்த ரெண்டு மணி நேரத்துக்கு நான் சத்திரத்துலேர்ந்து வெயில்ல நடந்து வர்றேன். உக்காரும்மான்னு சொல்ல ஒரு நாதியில்ல. பெங்களூரு பெங்களூருன்னு என்னமோ பெருமையாச் சொல்றாங்க. நான் இப்பிடி ஓரமா உக்காந்துக்கறேன், அந்தக் கால நவுத்துங்க. அது இல்ல, அது தோலெடுத்த தொட. இந்தக் காலு. ஆங்.

தலைய ஆட்டாதீங்க. ஆட்டக் கூடாதுன்னு பெரிய டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. கேட்டுக்கிட்டிருங்க, போதும். கல்யாணம் கட்டிப் பதினாலு வருசத்துல நான் ஒரு பேச்ச ஆரம்பிச்சு அதே பேச்ச முடிக்கிறது இந்த ஒம்போது நாளாத்தான். இல்லன்னா, "அட நிறுத்துடி"ன்னு பாதியிலயே வெட்டி உட்டுருவீங்க. இப்ப வெட்ட முடியாது. வாயத் தச்சு வச்சிருக்காங்க.

நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்குப் பிரிக்கிறாங்களாமே? எங்கிட்ட யாரும் சொல்லல. பக்கத்துக் கட்டில்ல தாட ஒடைஞ்சு படுத்திருக்காரே, அவரு பொண்டாட்டி கன்னடத்துல சொன்னா. என் புருசன் வாயப் பத்தி ஊரான் பொண்டாட்டி சொல்லி நான் தெரிஞ்சுக்கணும். தையலப் பிரிச்சு, உள்ள வச்சிருக்குற அந்த மெழுகுக் கட்டிய எடுத்துட்டாங்கன்னா வாயி தொறந்துடுமாம். மொத ரெண்டு நாளு கொழறுமாம். அப்புறம் பேச்சு தன்னால வந்துடுமாம்.

பத்து மணிக்கு உங்கண்ணன் வர்றாரு. தனியா வரல. நம்ம ஓசூரு நாராயணப்பன் ஏட்டையும் பஸ்ஸுல கூட்டிக்கிட்டு வர்றாராம். நீங்க வாயத் தொறந்ததும் ஏட்டு வாக்குமூலம் எழுதணுமாம். எழுதட்டும். எனக்கென்ன வந்துச்சு?

இல்ல, நான் கேக்கறேன், கூடப்பொறந்தவன் வாயத் தொறக்குறான்னா நாலு சாத்துக்குடி வாங்கிக்கிட்டு வருவாங்களா, போலீச வாங்கிக்கிட்டு வருவாங்களா? உங்கண்ணனுக்கு எப்பவும் எதுலயும் ஒரு கோணல் புத்தி. ஆப்பரேசன் அன்னிக்கு என்ன கேட்டாரு தெரியுமா? நீங்க மயக்கத்துல கெடந்தீங்க, உங்களுக்குத் தெரியாது. பெரிய டாக்டரு பாவம், மூணு மணி நேரம் நின்னு வேல பாத்துட்டு வெளிய வந்து நம்மகிட்ட பொறுமையா வெளக்கிச் சொல்றாரு. உதட்டு ஓரம் ரெண்டையும் அறுத்து வாய அகலமாக்கியிருக்கோம், கீழ ஒட்டிக்கிட்டிருந்த நாக்க அறுத்து விட்டிருக்கோம், அறுத்த எடம் மறுபடி ஒட்டிக்காம இருக்கத் தொடையிலேர்ந்து மெல்லிசாத் தோல சீவி உள்ள வச்சு, அது அசையாம இருக்க மெழுகுக் கட்டிய வச்சு, அதோட சேத்துத் தச்சிருக்கோம், பத்து நாளைக்குக் கஞ்சித் தண்ணி மூக்குக் குழாயிலதான், பேசக் கூடாது, சிரிக்கக் கூடாதுன்னு எல்லாத்தயும் சொல்லி முடிச்சாரு. எதாவது கேக்கணுமான்னாரு. உங்கண்ணன் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு முன்னால போயி, "சாமி, தொடத் தோலாச்சே, வாய்க்குள்ள மயிரு மொளைக்குங்களா?"ன்னு கேட்டாரு.

டாக்டரு சிரிக்கல. மொளைக்காதுன்னாரு. மேல் தோலு மட்டுந்தான் எடுத்திருக்கு, மயிர்க் காலு வராதுன்னாரு. உங்கண்ணன் அதோட உட்டாரா? மொளைச்சா செரைச்சுக்கலாங்களான்னாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டு நகந்துட்டேன். 

ஆனா டாக்டரு நல்ல மனுசன். கை நல்ல கை. பிரிச்சப்புறம் ஒரு ரப்பர் கட்டையக் குடுப்பாங்களாம், ஆறு மாசத்துக்கு ராத்திரியில வாயில வச்சுக்கிட்டுத் தூங்கணுமாம். இல்லன்னா மறுபடி சுருங்கிக்குமாம். நீங்க குடிச்ச அந்தக் காரம் அப்பிடிப்பட்டதாம். ஆசிட்டு கூட மேலாக்கப் பொசுக்கிட்டு நின்னுடுமாம், சோப்புக் காரம் உள்ள உள்ள எறங்கிக்கிட்டே போவுமாம். எங்கிட்டயே சொல்றாரு. பதினோரு வருசமா சோப்பு காய்ச்சறவகிட்ட.

மூணு மாசத்துக்கு முன்ன நீங்க தைமாசத்துக் குளிருல சோப்புக் கொட்டாயிலேர்ந்து வெளிய ஓடியாந்த ஓட்டத்த நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஒரு மடக்கு உள்ள போயிடுச்சு, மிச்சத்தத் துப்பிட்டீங்க. துப்புன எடத்துல சாணித் தரை வெளுத்துப் போச்சு. உதடு உப்பி, நாக்கு வெள்ளையா, வேகவச்ச முட்ட மாதிரி… நம்ம கெலவரப்பள்ளி சனம் மொத்தமும் கூடிருச்சு. ஒருத்தன் புளியக் கரைச்சு ஊத்துங்கறான், இன்னொருத்தன் உப்புத் தண்ணி குடுத்து வாந்தியெடுக்க வைங்கறான். அன்னிக்குப் பாத்து வந்திருந்த உங்கண்ணன் வாயில வெரல உட வந்தாரு. நான்தான் அவரு கையத் தட்டி உட்டுட்டு, கொடத்துத் தண்ணியால கொப்புளிக்க வச்சு, வாயெல்லாம் கழுவி, மோரக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தேன். எண்ணெக் கட சாந்த் பாஷா டின்னையெல்லாம் ரோட்டோரம் எறக்கிப் போட்டுட்டு லாரியில இங்க கொண்டாந்து சேத்தாரு. வாந்தி எடுக்க வைக்காதது நல்லதாப் போச்சு, வச்சிருந்தா போன காரம் திரும்பி வந்து தொண்டையையும் அரிச்சிருக்கும்னு இதே டாக்டரு சொன்னாரு. உங்க தொண்ட பொழைச்சது என்னாலதான். அத யாரும் பேச மாட்டாங்க.

இங்க வந்ததும் ஒரு குமாஸ்தா பேரு கேட்டான். நான் எப்பிடி உங்க பேரச் சொல்லுவேன்? தருமபுரிக்கு அந்தாண்ட மலையில இருக்குற சாமி பேருன்னேன். அவன் பெங்களூர்க்காரன், எந்த மலைங்கறான். கையக் காட்டறேன், தண்ணி கொட்டற மாதிரி காட்டறேன், ஒன்னும் வெளங்கல அவனுக்கு. சாந்த் பாஷாதான் கடைசியில சொன்னாரு.

அதெல்லாம் கெடக்கட்டும். இப்ப ஏட்டு விசயத்துக்கு வாங்க. ஏட்டு மூணு மாசமா மூணு விதமா எழுதி வச்சிருக்காரு. ஒன்னு, நீங்களே சாகறதுக்காகக் குடிச்சீங்க, அது ஒரு கேசு. ரெண்டு, சாராயம்னு நெனச்சுக் காரத்தக் குடிச்சீங்க, அப்ப சாராயம் எங்கேர்ந்து வந்துச்சு, அது மதுவிலக்குக் கேசு. ஆனா சாராயமும் கெடைக்கல, அது இருந்த சீசாவும் கெடைக்கல. மூணாவது… மூணாவது உங்கண்ணன் சொன்னது. அது கேசுக்கெல்லாம் மேல.

ஓசூரு மைசூரு ராஜ்ஜியத்துல சேந்துடும்னு பேசிக்கிறாங்களே, சேந்துட்டா இந்தக் கேசெல்லாம் என்ன ஆவும்னு நான் ஏட்டுகிட்டக் கேட்டேன். அவரு என்ன மொறைச்சுப் பாத்தாரு. சேர்ற வரைக்கும் எழுதுவேன்னாரு.

உங்கண்ணன் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியணுமில்ல. போன வாரம் இந்த வராந்தாவுல நின்னுக்கிட்டு, நான் தூணுக்கு இந்தாண்ட இருக்கறது தெரிஞ்சே சொன்னாரு. "அவன் வாயி தொறக்கட்டும். எவ ஊத்துனான்னு அப்பத் தெரிஞ்சுடும்." இப்பிடிச் சொன்னாரு. நீங்க வாயத் தொறந்து எம் பேரச் சொல்லிட்டா, உங்களத் தளிக்கு, அவரு ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி அவரே வச்சுக் காப்பாத்துவாராம். என்ன எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிடுவாராம். ஜெயிலுக்கு அனுப்பாட்டி. புள்ளகுட்டி இல்லாதவ, அனுப்பறது சுலபந்தானே. ஒரு மூட்ட துணி, ஒரு பஸ்ஸு டிக்கட்டு.

எனக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போவப் பிடிக்கல. அத இப்பவே சொல்லிட்டேன்.

சாந்த் பாஷா பரவால்ல. அவரு கடையில, டீக்கடையில, எல்லா எடத்துலயும் எனக்காகப் பேசறாராம். சென்னம்மா மாதிரி காரத்தப் பாத்துப் பக்குவமாப் புழங்கறவ இந்தத் தாலுக்காவுலயே கெடையாது, அவ கையில தப்பு நடக்காது, தப்பெல்லாம் அந்தாளு மேலதான்னு. அவரு அப்பிடிச் சொல்றப்ப எனக்கு… போவட்டும்.

மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா? என் முந்தானைய உடுங்க. ஒருநாளு வந்தா போர்வ ஓரத்துல ரெண்டு முடிச்சு. நேத்து வந்தப்ப தொடையில சுத்துன பேண்டேஜுத் துணியப் பிரிச்சு அதுல ரெண்டு முடிச்சு. இப்ப என் முந்தானை. நர்ஸம்மா என்ன கூப்புட்டுக் கேக்கறா, உங்க ஊட்டுக்காரரு கண்டதுல எல்லாம் ரெண்டு ரெண்டு முடிச்சாப் போட்டுப் போட்டுக் காட்டறாரே, மூளைக்கு எதாவதான்னு. நான் சொன்னேன், வேண்டுதலும்மா, எங்கூரு சந்திரசூடேஸ்வரருக்கு நேந்துக்கிட்டு முடிஞ்சு வைக்கிறாருன்னேன். அவ உடனே பயபக்தியா, அப்ப அவுக்காதீங்கன்னுட்டா. போர்வ துவைக்கப் போறப்பக் கூட அந்த ஓரத்த அவுக்காம அனுப்பறாங்க. டாக்டரு வந்து பாத்துட்டு, நம்பிக்க இருந்தா பொண்ணு சீக்கிரம் ஆறும்னாரு… புண்ணு. புண்ணு ஆறும்னாரு. எனக்கே நாக்கு கொழறுது.

வேண்டுதல் இல்லன்னு எனக்குத் தெரியும்.

இப்பிடிப் பாக்காதீங்க. தலையத் திருப்பாதீங்க, நேராப் படுங்க, டாக்டரு திட்டுவாரு. பேசறதுக்கு எனக்கு இன்னிக்கு ஒரு சாயந்தரந்தான் இருக்கு. நாளைக்கு உங்களுக்கு வாய் வந்துடும், அப்புறம் எங்க நான் பேசறது.

அந்த முடிச்சு என்னன்னு நானே சொல்றேன். சோப்புக்குக் காரத் தண்ணி இருக்குற சீசாவுக்குக் கழுத்துல செவப்புத் துணி கட்டறது நம்ம ஊட்டு வழக்கம். யாரும் தெரியாம எடுத்துடக் கூடாதுன்னு. ஒத்த முடிச்சு. திங்கக்கெழம தோறும் நீங்க சாந்த் பாஷா லாரியில பெங்களூரு வந்து நாலு சீசா காரம் வாங்கிக்கிட்டுப் போவீங்க. அதோட அஞ்சாவதா ஒரு சீசா. அதுல சாராயம், நம்ம பக்கந்தான் மதுவிலக்காச்சே. அதுக்கும் செவப்புத் துணி, ஆனா ரெண்டு முடிச்சு. ஜுஜுவாடி எல்லையில போலீசு லாரிய நிறுத்தி எல்லாத்தயும் கொடஞ்சு பாப்பான், செவப்புத் துணியத் தொட மாட்டான். ஏன்னா ஒரு புது போலீசுக்காரன் ஒருக்கா உங்கள நம்பாம, காரச் சீசாவத் தொறந்து வெரல உட்டு நாக்குல வச்சுப் பாத்தான். மூணு நாளு மோருலயே கெடந்தான். அதுலேர்ந்து செவப்பக் கண்டா, போ போங்கறானுங்க. நல்ல ரோசன. ஓசூரு தாலுக்காவுலயே வேற எவனுக்கும் இந்த ரோசன வராது.

பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னு வேற நெனப்பு. அந்தச் செவப்புத் துணி யாரோடது? என்னோட பழைய பொடவ. வாரத்துக்கு நாலு சீசாவுக்கு அஞ்சு துணி கிழிச்சுக்கிட்டுப் போறவரு எதுக்குப் போறாருன்னு எனக்கு எண்ணத் தெரியாதா?

அந்த மொத வாட்டி இங்கேர்ந்து ஊட்டுக்கு வந்து, நாக்கு ஒட்டிக்கிட்டு, வாயி சுருங்கி ஒரு வெரல் நொழையற அளவுக்கு ஆனப்புறம் நீங்க பேசுனது ஊருல ஒருத்தருக்கும் புரியல. ங்ஙா ங்ஙான்னு கேக்கும். எனக்கு மட்டுந்தான் புரிஞ்சுச்சு. உங்கண்ணன் வந்து ஒக்காந்து, என்னதான் சொல்றான்னு எங்கிட்டக் கேப்பாரு. பால் கேக்குறாருன்னு சொல்லுவேன். ஏட்டு வந்தாரு, என்னம்மா சொல்றாருன்னாரு. தலகாணி ஒயரமா இருக்குன்னு சொல்றாருன்னேன். மூணு மாசமா உங்க வாய் நான்தான். நீங்க பாலுக்கு மேல பாலு குடிச்சீங்க, தலகாணிய மாத்தி மாத்தி வச்சாங்க.

நீங்க பாலு கேக்கல. அது எனக்குத் தெரியும். "நான் ரெண்டு முடிச்சத்தான் எடுத்தேன்"னு சொன்னீங்க. ஒவ்வொரு வாட்டியும் அதத்தான் சொன்னீங்க. நான் சரியான சீசாவத்தான் எடுத்தேன், அதுல எப்பிடிக் காரம் வந்துச்சுன்னு.

கொஞ்சம் இருங்க. அந்த நர்ஸம்மா போவட்டும்.

போயிட்டா. 

ஏங்க… எனக்கு முட்டி வலி உங்களுக்குத் தெரியுமில்ல. போன வருசம் ஐப்பசியில, மழையில, எந்திரிக்கவே முடியல. சோப்புக் கட்டிய நின்னுக்கிட்டுத்தானே அறுக்கணும். நான் அந்த ரெண்டு முடிச்சு சீசாவ எடுத்தது முட்டியில தேய்க்கத்தான். சத்தியமாத் தேய்க்கத்தான். தேச்சேன். கொஞ்சம் சொகமா இருந்துச்சு. வெளிய தேச்சதுக்கே இப்பிடின்னா, உள்ள போனா எலும்புக்கே போவுமேன்னு தோணுச்சு. ஒரு மடக்கு. தொண்ட எரிஞ்சுச்சு, இத எப்பிடித்தான் குடிக்கிறாரோன்னு உங்களத்தான் திட்டுனேன். மறுநாளு முட்டி பரவால்ல. அப்புறம் அதுக்கு மறுநாளு.

கொறைஞ்சது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு தண்ணி ஊத்தி அதே அளவுக்கு நெரப்பி வச்சேன். அதான் நடந்துச்சு. பெங்களூரு கடக்காரன் தண்ணி கலக்குறான்னு மூணு கட மாத்துனீங்களே. ஒரு கடையில சட்டையப் புடிச்சுச் சண்ட போட்டு, பட்டன் பிஞ்சு வந்தீங்க. அந்தப் பட்டன நான்தான் தச்சேன். தச்சுக்கிட்டே, ஆமாங்க, பெங்களூர்க்காரங்கள நம்பவே கூடாதுங்கன்னு சொன்னேன். அவன் தண்ணி கலக்கல. நான்தான் கலந்தேன். அந்தக் கடக்காரன் கிட்ட ஒருநாளு போயி மன்னிப்புக் கேட்டுருங்க.

அன்னிக்கு செவ்வாக்கெழம. பகலெல்லாம் சோப்பு காய்ச்சி மிச்சம் கொஞ்சம் காரத் தண்ணி இருந்துச்சு. தெளிஞ்ச தண்ணி, கெணத்துத் தண்ணி கணக்கா இருக்கும். சீசாவுல திருப்பி ஊத்தணும். எனக்கு முட்டி வலி, எட்டி அந்தச் சீசாவ எடுக்க சோம்பேறித்தனம், அங்க இருந்த வெள்ள எனாமல் லோட்டாவுல ஊத்தி மாடத்துல வச்சுட்டேன். குடிக்கிற லோட்டாவுல காரத்த ஊத்தாதீங்கன்னு உங்கள எத்தன வாட்டி கத்தியிருப்பேன். ஊருக்கே கேக்குற மாதிரி கத்தியிருப்பேன். அன்னிக்கு நானே ஊத்தி வச்சேன். அதுக்கு ஜோடி லோட்டாவுல குடிக்கிற தண்ணி. ரெண்டும் ஒரே மாடத்துல.

வெளக்கு வைக்கிற நேரம். நீங்க இன்னும் வரல. ரெண்டு முடிச்சு சீசாவ எடுத்தேன். ஒரு ரெண்டு மடக்கு. இல்ல, மூணு… நாலுன்னு வச்சுக்குங்க. இனிமே என்ன மறைச்சு. தல கொஞ்சம் லேசா இருந்துச்சு. தண்ணி ஊத்தி நெரப்பணுமேன்னு லோட்டாவ எடுத்து ஊத்துனேன். கையில வழவழன்னு பட்டுச்சு. சோப்புக் கை தானேன்னு நெனச்சேன். சீசா வெதுவெதுன்னு சூடாயிடுச்சு. சாராயம்னா சூடுதானேன்னு நெனச்சேன். பதினோரு வருசம் சோப்பு காய்ச்சுனவ நெனைக்கிற நெனப்பப் பாருங்க. துணியக் கட்டி, பதனமா ரெண்டு முடிச்சுப் போட்டு, அதே எடத்துல வச்சுட்டுப் போயி உங்களுக்குக் களி கெளறுனேன்.

நீங்க வந்தீங்க. கொட்டாய்க்குள்ள போனீங்க. அப்புறந்தான் அந்தச் சத்தம்.

உங்கள லாரியில ஏத்துறதுக்குள்ள நான் அந்தச் சீசாவ எடுத்து அடுப்புச் சாம்பல்ல கவுத்து, ஒடைச்சு, புதைச்சுட்டேன். அதான் ஏட்டுக்குக் கெடைக்கல. எல்லாரும், பாவம், போதையில சீசாவ மாத்தி எடுத்துட்டான்னு பேசிக்கிட்டாங்க. நான் வாயத் தொறக்கல. நீங்க வெந்த வாயோட படுத்திருக்கீங்க, நல்ல வாயி வச்சிருக்குற நான் தொறக்கல. பாலு கேக்குறாரு, தலகாணி கேக்குறாருன்னு…

நாளைக்கு உங்களுக்கு வாயி வந்துடும். நீங்க நான் ரெண்டு முடிச்சத்தான் எடுத்தேன்னு சொல்லுவீங்க. அது உண்ம. சொல்லுங்க. உங்கண்ணன் என்னப் பாப்பாரு. ஏட்டு எழுதுவாரு. வேணும்னே ஊத்துனான்னுதான் எழுதுவாங்க, தெரியாம ஊத்துனேன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? அதச் சொல்லணும்னா நான் குடிச்சதச் சொல்லணும். அதையும் எவனும் நம்ப மாட்டான். சாந்த் பாஷா நம்பவே மாட்டாரு.

வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னால நானே சொல்லிடணும்னு தோணுச்சு. ஒம்போது நாளா தெனமும் இதச் சொல்லத்தான் வர்றேன். வந்து நர்ஸம்மாவத் திட்டிட்டுப் போயிடறேன்.

எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம்னு சொல்லிக்கிட்டே வந்து பாத்தேன். நீங்க சாராயம் வாங்காம இருந்திருந்தா, செவப்புத் துணி கட்டாம இருந்திருந்தா… எத்தன வழியில சுத்தி வந்தாலும் அந்த லோட்டாவ எடுத்தது என் கையிதான்.

அழுவறீங்களா? அழுவாதீங்க, மூக்குக் குழாயி அடைச்சுக்கும். ஏங்க… அந்தப் பக்கம் திரும்பாதீங்க. ஏங்க. சுவத்துல என்ன இருக்குது? என்னயப் பாருங்க. திட்ட முடியலன்னா கைய ஓங்குங்க. அதையாவது பண்ணுங்க. நான் இந்தா கிட்டத்தான் இருக்கேன்.

சரி. பாக்க வேணாம்.

மணி அடிக்கப் போவுது. தாட ஒடைஞ்சவரு பொண்டாட்டி தூக்குப் போசிய மூடறா. அவளுக்கு எப்பவும் முன்னாலயே தெரிஞ்சுடும். நான் கெளம்பறேன். முந்தானைய உடுங்க. உடுங்கன்னு சொல்றேன், அதையேன் மறுபடி புடிச்சு இழுக்கறீங்க? இருக்குற ரெண்டு முடிச்சு போதாதா, இன்னுமொன்னு போடப் போறீங்களா… அவுக்கறீங்களா? எதுக்கு அவுக்கறீங்க? மெதுவா, நானே அவுக்கறேன், குடுங்க… கையத் தட்டாதீங்க, சரி, நீங்களே.

ஒன்ன அவுத்துட்டீங்க. இன்னொன்னு?

ஏங்க, இன்னொன்னு இருக்கே.

ஒத்த முடிச்சு… காரச் சீசாவுக்குத்தானே ஒத்த முடிச்சு.

அப்ப, ஏட்டுகிட்ட… நீங்க ஒத்த முடிச்சு சீசாவத்தான் எடுத்தீங்கன்னா… உங்கண்ணன்கிட்டயும் அதேவா? நீங்களே மாத்தி எடுத்துட்டீங்கன்னு? ஊரெல்லாம் உங்களத்தானே குடிகாரன்னு… தலைய ஆட்டாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது, தையலு பிரிஞ்சா அந்த டாக்டரு மறுபடி எந்தத் தொடையிலேர்ந்து தோலெடுப்பாரு? புரிஞ்சுச்சு. ஆட்டாமயே புரிஞ்சுச்சு. மூணு மாசமா எனக்கு மட்டுந்தானே புரியுது.

மணி அடிச்சுட்டான். வர்றேம்மா, வர்றேன், கெளம்பிட்டேன், கத்தாத. இவளுக்கு ஒருநாளு இருக்குது.

இந்த ஒத்த முடிச்ச நான் அவுக்க மாட்டேன். இப்பிடியே சத்திரத்துக்குப் போறேன், இப்பிடியே காலையில வர்றேன். ஒம்போது மணிக்கு முன்னாலயே வந்து கதவுகிட்ட நிப்பேன். ஒன்னு மட்டும் கேளுங்க. வாயப் பிரிச்சதும் கொழறும்னு சொன்னாங்க, கொழறுனாலும் பரவால்ல. உங்கண்ணன் வர்றதுக்குள்ள, மொத பேச்சா என்னத் திட்டிடுங்க. நல்லாத் திட்டுங்க, பதினாலு வருசத்துல திட்டாத மாதிரி. அப்புறம் ஏட்டுகிட்ட என்ன வேணா சொல்லுங்க.